பெயர் போயிற்று, பொருள் போகவில்லை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

‘அழித்துவிட்டேன்’ என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! சிலேட்டில் எழுதியதை ஈரத்துணியால் துடைக்கிறோம். கரும்பலகையில் எழுதியதை டஸ்டரால் துடைக்கிறோம். எழுத்து மறைவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கணிப்பொறியில் ஒரு கோப்பை அழித்தால் உண்மையில் அழிவது எது? அதன் பெயரா? அல்லது அதன் பொருளா?

இந்த வினாவிற்கு விடை எங்கள் இயங்குதளப் பாடத்தில் இருக்கிறது. தேர்வில் வந்தால் ஐந்து மதிப்பெண். அந்த ஐந்து மதிப்பெண் விடை ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காத்து நின்றதைச் சென்ற கோடை விடுமுறையில் நான் நேரில் கண்டேன். அதை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறையிலும் வரலாற்றுத்துறையிலும் பயிலும் நண்பர்கள், “இது எங்களுக்குப் புரியாத சங்கதி” என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் கல்லூரி வாயிலில் காவலர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார் அல்லவா? யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்று அதில் எழுதுகிறார். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடும் பெரிய கணிப்பொறிகளிலும் இதே போன்ற குறிப்பேடு உண்டு. அதை ‘லாக்’ என்கிறோம். வட்டில் கோளாறு, வலைத் தொடர்பில் தடங்கல், தவறான கடவுச்சொல்லோடு உள்ளே வர முயன்றவர் என எது நடந்தாலும் தேதி, மணி, நிமிடம், நொடியோடு ஒரு வரி எழுதப்படும்.

அதை எழுதுவதற்கென்றே ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார். ‘சிஸ்லாக்டி’ என்பது அவர் பெயர். மனிதர் அல்லர், ஒரு நிரல்தான். 1980களில் அமெரிக்காவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன் என்பவர் தாம் எழுதிய ‘சென்ட்மெயில்’ என்ற அஞ்சல் நிரலுக்காக இந்த முறையை உருவாக்கினார். பிறகு மற்ற நிரல்களும் இதையே பயன்படுத்தத் தொடங்கின. கணிப்பொறி விழித்தவுடன் இந்தக் கணக்கப்பிள்ளையும் விழிப்பார். பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை திறந்து மூடும் வழக்கம் அவரிடம் இல்லை. கணிப்பொறி அணையும் வரை பேரேடு அவர் மடியில் திறந்தபடியே இருக்கும். இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு இதுவே உயிர்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் கணிப்பொறிகளைப் பழுது பார்த்துப் பிழைக்கிறார். விடுமுறையில் அவருக்கு எடுபிடியாகப் போனேன். கல்லூரிக் கட்டணத்திற்கும் ஆகும், கைப்பழக்கமும் வரும் என்ற எண்ணந்தான். ஒருநாள் காலை ஓர் ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. அந்த ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே சம்பளக் கணக்குப் போடுவதற்கு ஒரு பழைய சன் நிறுவனக் கணிப்பொறி இருந்தது. அதில் ஓடியது 2005இல் வெளிவந்த சோலாரிஸ் 10 என்னும் யூனிக்ஸ். எங்கள் ஆய்வுக்கூடத்தில் காணாத பொருள். நான் பிறந்தபோதே அது வேலைக்கு வந்துவிட்டிருக்கும்!

நாங்கள் போனபோது அங்கே ஒரே சலசலப்பு. வாராந்தரச் சம்பளக் கணக்கு முந்தைய இரவு பாதியிலே நின்றுவிட்டது. சனிக்கிழமை சம்பளம் தள்ளிப்போகும் என்று தொழிலாளர்கள் முணுமுணுத்தார்கள். இரவுப் பணியில் இருந்தவர் ஒரு தினக்கூலி ஊழியர். நாற்பதைத் தாண்டியவர். “வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டான்” என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். நாளை முதல் வர வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது. அவர் வராந்தாவில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். போவோர் வருவோரிடமெல்லாம், “நான் விசைப்பலகையைத் தொடவே இல்லைங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நின்று கேட்கவில்லை.

கணிப்பொறிக்குப் பொறுப்பானவர் நல்ல மனிதர். ஆனால் அன்று பதற்றத்தில் இருந்தார். எங்களிடம் சொன்னார்: “வட்டில் இடம் இல்லைன்னு சொல்லுது. பார்த்தேன். மெசேஜஸ்னு ஒரு கோப்பு பெரிசா வீங்கிக் கிடந்தது. அதை அழிச்சுட்டேன். ஆனாலும் இடம் திரும்பி வரலை. ஒரு தடவை அணைச்சுப் போட்டா சரியாயிடும்.” சொல்லிக்கொண்டே நிறுத்துவதற்கான கட்டளையைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

மெசேஜஸ் என்பதுதான் நான் மேலே சொன்ன குறிப்பேடு. அதை அழித்த பிறகும் இடம் திரும்பி வரவில்லை என்றால் பொருள் என்ன? எங்கள் ஆசிரியர் வகுப்பில் சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது.

“சார், ஒரு நிமிஷம்! அணைக்காதீங்க. அணைச்சா நிஜமாவே போயிடும்” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் என் தோளைத் தட்டி, “தம்பி காலேஜில இதைத்தான் படிக்கிறான் சார், சொல்லட்டும்” என்றார்.

நண்பர்களே, இங்கே சற்று நின்று அந்த ஐந்து மதிப்பெண் விடையைப் பார்ப்போம்.

யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1974இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் விளக்கப்பட்ட கோப்பு முறை இன்றளவும் பெரிதாக மாறவில்லை. அதன்படி ஒரு கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. கோப்பைப் பற்றிய விவரங்களெல்லாம், அதாவது உரியவர் யார், எவ்வளவு நீளம், வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பவையெல்லாம், ‘ஐநோடு’ என்ற ஒரு பதிவில் இருக்கும். ஐநோடுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. பெயர் இருப்பது அடைவில். அடைவு என்பது ‘இந்தப் பெயர் இந்த எண்ணைக் குறிக்கும்’ என்று எழுதிய ஒரு பட்டியல்; அவ்வளவே. ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள்கூட இருக்கலாம். எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கையையும் ஐநோடு வைத்திருக்கும்.

‘ஆர்.எம்.’ என்ற அழிக்கும் கட்டளை செய்வது என்ன? பட்டியலிலிருந்து பெயரை அடிக்கிறது. எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. எண்ணிக்கை பூச்சியம் ஆனாலும் உடனே கோப்பு சாவதில்லை. அதை யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா என்று யூனிக்ஸ் பார்க்கிறது. ஒரே ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருந்தாலும் போதும். அந்தக் கோப்பு உயிரோடு இருக்கும். பெயர் இல்லை, பட்டியலில் இடம் இல்லை, ஆனால் உயிர் இருக்கிறது. கடைசியாகப் பிடித்திருப்பவர் கையை விட்டால்தான் அந்தக் கட்டங்கள் ‘காலி’ என்று அறிவிக்கப்படும்.

நம் கணக்கப்பிள்ளையின் மடியில் பேரேடு இன்னும் திறந்தே இருந்தது. அவர் அதில் எழுதிக்கொண்டுகூட இருந்தார். இடம் திரும்பி வராததற்குக் காரணம் அதுதான். கணிப்பொறியை அணைத்தால் கணக்கப்பிள்ளையும் போவார், பேரேடும் போகும். பிறகு வட்டையே கட்டம் கட்டமாகத் துழாவினாலும் முழுதாகக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. புதிய எழுத்துகள் அந்த இடத்தில் ஏறிவிடும்.

முதலில் என் ஐயத்தை உறுதி செய்துகொள்ள இரண்டு கட்டளைகளைத் தரச் சொன்னேன். ‘டி.எஃப்.’ என்பது வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று மொத்தமாகச் சொல்லும். ‘டி.யூ.’ என்பது பெயருள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லும். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அங்கே ஒத்துப்போகவில்லை. முதலாவது ‘நிறைந்துவிட்டது’ என்றது. இரண்டாவது ‘பாதிகூட இல்லை’ என்றது. இடையில் உள்ள வேறுபாடுதான் பெயரிழந்த அந்தப் பேரேடு.

பிறகு செய்தது எளிய வேலைதான். விசைப்பலகையைத் தொட்டவர் பொறுப்பாளரே. நான் பக்கத்தில் நின்று சொன்னேன். சோலாரிஸில் ‘ப்ராக்’ என்று ஓர் அடைவு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதில் ஓர் அறை. அந்த அறைக்குள் ‘எஃப்.டி.’ என்ற உள்ளறையில், அந்த நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகளெல்லாம் எண்களாக நிற்கும். சிஸ்லாக்டியின் எண்ணைக் கண்டுபிடித்து அதன் அறைக்குள் பார்த்தோம். பெயர் எண்ணிக்கை பூச்சியம் என்று காட்டிய ஒரு பெரிய கோப்பு அங்கே இருந்தது. அதைச் சாதாரணமாகக் கோப்பை நகலெடுக்கும் ‘சி.பி.’ கட்டளையாலேயே நகலெடுத்தோம். நிறைந்து கிடந்த பகுதியில் நகலுக்கு இடம் ஏது? ஆகவே பயனர்களின் கோப்புகள் இருக்கும் வேறு பகுதிக்கு எடுத்தோம். அந்தச் சில நிமிடங்கள் அறையில் யாரும் பேசவில்லை.

நகல் முடிந்தது. திறந்து பார்த்தோம். பக்கம் பக்கமாக வரிகள் ஓடின.

அந்த வரிகள் சொன்ன கதை இதுதான். சம்பளக் கோப்புகள் இருந்த இரண்டாவது வட்டு ஐந்து நாட்களாகவே நோயில் கிடந்தது. எழுதும் கட்டளையில் பிழை, மீண்டும் முயல்கிறேன். பிழை, மீண்டும் முயல்கிறேன் என்று அது ஆயிரக்கணக்கான முறை புலம்பியிருந்தது. பிழையின் வகை ‘மீடியா எரர்’. அதாவது வட்டின் மேற்பரப்பே கெட்டுவிட்டது. முதலில் ‘மீண்டும் முயலத்தக்கது’ என்று எழுதி வந்த வரிகள், சம்பளக் கணக்கு ஓடிய அந்த இரவில் 1 மணி 40 நிமிடத்திற்கு ‘ஃபேட்டல்’ என்று மாறியிருந்தன. இனி முயன்று பயனில்லை என்று பொருள். சம்பள நிரல் நின்ற நேரமும் அதுவே. இரவுப் பணியாளர் எதையும் நிறுத்தவில்லை. வட்டுதான் நிறுத்தியது.

இன்னொன்றும் புரிந்தது. அந்தக் குறிப்பேடு ஏன் அவ்வளவு வீங்கியது? வட்டு புலம்பியதை எழுதி எழுதித்தான். ஐந்து நாள் ‘நோய், நோய்’ என்று கத்தியவனை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் சத்தம் பெரிதாக இருக்கிறது என்று அவன் வாயைப் பொத்தப் பார்த்திருக்கிறார்கள்!

பொறுப்பாளர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வரிகளைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, “நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்று சொல்லி மேலாளர் அறைக்குப் போனார். தம் தவற்றைத் தாமே போய்ச் சொல்வதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும். அவரை நான் மதிக்கிறேன்.

அதற்குள் எஞ்சிய வேலையை முடித்தோம். பழைய பெயரிலேயே புதிய வெற்றுக் கோப்பு ஒன்றை உண்டாக்கி, முன்பிருந்த உரிமைகளை அதற்குக் கொடுத்தோம். சோலாரிஸின் கணக்கப்பிள்ளை தாமாகப் புதிய பேரேடு வாங்கிக்கொள்ள மாட்டார். நாம்தான் வைக்க வேண்டும். பிறகு அவருக்கு ‘ஹப்’ என்னும் சைகையை அனுப்பினோம். அவர் பழைய பேரேட்டை மூடிப் புதியதைத் திறந்தார். அந்தக் கணமே வட்டில் இடம் திரும்பி வந்தது. இயந்திரத்தை அணைக்கவே தேவைப்படவில்லை. கெட்ட வட்டை மாற்றி, காப்பு நகலிலிருந்து சம்பளக் கோப்புகளை மீட்டு, கணக்கை மறுபடி ஓட்டியபோது மாலையாகிவிட்டது.

இரவுப் பணியாளரை மறுநாள் முதல் வரச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் கிளம்பும்போது அவர் டீ வாங்கிக் கொடுத்தார். “தம்பி, காலையிலிருந்து நானும் இதையேதான் சொன்னேன். ஒருத்தரும் நம்பலை. மிஷின் சொன்னதும் எல்லாரும் நம்பிட்டாங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் சுமை தூக்கும் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, தந்தையார் ஒருவரிடம் மூன்று வாரம் தொடர்ந்து வேலை செய்தார். கூலி கேட்கப் போனபோது, “வருகைப் பதிவேடு தொலைந்துவிட்டது, நீ எத்தனை நாள் வந்தாய் என்பதற்கு என்ன சாட்சி?” என்று கேட்டார்கள். தந்தையாரிடம் சாட்சி இருந்தது. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் வீட்டுச் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். “சுவர்க் கணக்கெல்லாம் செல்லாது” என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாள் கூலிதான் கைக்கு வந்தது. ‘எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது’ என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். என் தந்தையார் எழுதித்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை.

பணம் உள்ளவருக்குச் சொல்லே சாட்சி. இல்லாதவருக்குப் பதிவுதான் சாட்சி. அந்தப் பதிவும் பெரும்பாலும் அவர் கையில் இருப்பதில்லை. வேறொருவர் கையில் இருக்கிறது. அது தொலைந்தால் நட்டம் யாருக்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பேட்டைக் காப்பது கணிப்பொறித் துறையில் சிறிய வேலை என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சிறிய பதிவு எவ்வளவு பெரிய உண்மையைக் காட்டும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. நம் ஊர் வழக்கில் முக்கால் டாலர்! ‘போனால் போகிறது’ என்று விடாமல் அதைத் துருவினார் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர். முடிவில், ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து கணிப்பொறிகளுக்குள் புகுந்து இரகசியங்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்று வந்த கூட்டம் பிடிபட்டது. 1989இல் அவர் இதை ‘தி குக்கூஸ் எக்’ என்ற நூலாக எழுதினார். அவர் செய்த ஒரு காரியம் நமக்குப் பாடம். கணிப்பொறிக்குள் இருக்கும் பதிவைப் புகுந்தவன் அழித்துவிடலாம் அல்லவா? ஆகவே தொலைபேசி இணைப்புகளில் அச்சு இயந்திரங்களை மாட்டி, வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் தாளில் பதிய வைத்தார். தாளை எந்தக் கட்டளையாலும் அழிக்க முடியாதே!

இன்று அச்சு இயந்திரம் தேவையில்லை. சிஸ்லாக் குறிப்புகளை வலைவழியாக இன்னொரு கணிப்பொறிக்கும் அனுப்பி வைக்கலாம். அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். பேரேடு வீங்காமல் வாரந்தோறும் பழையதை எடுத்து வைத்துப் புதியது தொடங்கும் ஏற்பாடும் சோலாரிஸிலேயே உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியதை யாராவது ஒருவர் நாள்தோறும் படிக்க வேண்டும். படிக்காத பதிவேடு இருந்தும் இல்லாததுதான். அந்த ஆலையில் இப்போது இரவுப் பணியாளரே ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, ‘எரர்’ என்ற சொல் இருந்தால் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார் என்று அண்ணன் சொன்னார். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது.

என் போன்று முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். ‘இந்தப் பாடமெல்லாம் எதற்கு? வேலைக்குப் போனால் எங்கே பயன்படப்போகிறது?’ என்று விடுதியில் நாம் பேசிக்கொள்கிறோம். ஐநோடும் அடைவும் எனக்கும் தேர்வுக்கான வரிகளாகத்தான் இருந்தன. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதற்கு இரண்டு பெயர்களை எழுதி, இரண்டையும் அடித்துவிட்டு, “வட்டம் இன்னும் இருக்கிறது, பார்த்தீர்களா?” என்று கேட்ட அந்த வகுப்பிற்கு நான் போகாமல் இருந்திருந்தால், அந்த ஆலையில் என்னால் வாய் திறந்திருக்க முடியாது. எந்தப் பாடம் எவருடைய சோற்றுக்கு உதவும் என்று முன்கூட்டியே அறிய நம்மால் இயலாது. ஆகவே புரிந்து படிப்போம். நம் கைக்கு வரும் பதிவுகளை, அவை எந்த ஏழையின் சாட்சியோ என்ற நினைவோடு காப்போம்.